வீட்டு வண்டிப்பாதை: தாரா, கான்கிரீட்டா?

கேட்டிலிருந்து கார் நிற்கும் இடம் வரை தளம் போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "தார் நல்லதா, கான்கிரீட் நல்லதா?" என்றுதான். அதற்கு முன் மூன்று விஷயங்கள் தெரிந்தாக வேண்டும். அடியில் இருப்பது என்ன மண், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், அந்தப் பாதையில் ஏறப்போகும் வண்டிகளில் கனமானது எது. இவை தெரிந்துவிட்டால் பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும். தெரியாமல் போட்டால், எதைப் போட்டாலும் வெடிக்கும், இறங்கும், தண்ணீர் தேங்கும்.

இரண்டுக்கும் உள்ள அடிப்படை வித்தியாசம்

தார்த்தளம் என்பது ஜல்லியும் கல்தூளும் எடையில் ஏறக்குறைய 5 முதல் 6 சதவீதம் தாரும் சேர்ந்த கலவை. சூடாகக் கலந்து, சூடு ஆறுவதற்குள் பரப்பி உருட்டி இறுக்குகிறார்கள். அது வளைந்து கொடுக்கும். சக்கரத்தின் பளுவைத் தான் சுமக்காமல், பெரும்பகுதியை அடியில் உள்ள ஜல்லிப் படுகைக்கு இறக்கிவிடும். அதனால் தார்ப்பாதையின் பலம் என்பது படுகையின் பலம்தான்.

கான்கிரீட் விறைப்பானது. ஒரு சக்கரத்தின் பளுவை அகலமாகப் பரப்பிவிடுவதால், அடியில் ஒரு சிறிய இடம் நெகிழ்ந்திருந்தாலும் தாங்கிக்கொள்ளும். ஆனால் அடிமண் பெரிதாக இறங்கினால் வளையத் தெரியாது, உடையும். இன்னொன்று, காயும்போது மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும். 12 மீட்டர் நீளத் தளத்தை ஒரே துண்டாகப் போட்டால் அந்தச் சுருக்கம் எங்கேயாவது வெடிப்பாக வந்தே தீரும். வெடிப்பு எங்கே வர வேண்டும் என்று நாமே முன்கூட்டிக் கோடு போட்டுக் கொடுப்பதுதான் கான்கிரீட் வேலையின் பாதிச் சூட்சுமம்.

மண்ணைத் தோண்டிப் பாருங்கள்

பாதை வரப்போகும் இடத்தில் தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களில் ஓர் அரை மீட்டர் ஆழத்துக்குக் குழி எடுங்கள். மேலே உள்ள கருமையான, வேர் கலந்த மண் எவ்வளவு ஆழம் என்று அளந்துகொள்ளுங்கள். அது முழுக்க வெளியே போக வேண்டும். அதன்மேல் எதைப் போட்டாலும் வேர் மக்க மக்கத் தளம் இறங்கும்.

அடுத்து, குழியின் அடிமண்ணில் ஒரு பிடி எடுத்து ஈரமாக்கி, உள்ளங்கையில் திரி போல உருட்டுங்கள். பென்சிலைவிட மெல்லியதாக, 3 மி.மீ. கனத்துக்கு உடையாமல் திரி வந்தால் அதில் களிமண் அதிகம். வெயிலில் பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கும் மண்ணும் இதே வகைதான். ஈரத்தில் உப்பி, காய்ச்சலில் சுருங்கும் இந்த மண்மீது கான்கிரீட் பலகைகள் (கோடுகளுக்கு இடையே உள்ள தளத்துண்டுகள்) ஒன்று மேலும் ஒன்று கீழுமாகச் சாயும். தார்த்தளம் அலை அலையாக நெளியும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: இன்னும் ஆழமாகத் தோண்டுவது, படுகையை 200 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆக்குவது, மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே ஜியோடெக்ஸ்டைல் துணி விரிப்பது. துணி இல்லாவிட்டால் மழைக்காலத்தில் ஜல்லி களிமண்ணுக்குள் புதைந்துகொண்டே போகும்.

சமீபத்தில் மண் கொட்டி நிரப்பிய இடமானால் அவசரப்பட வேண்டாம். 150 மி.மீ. அடுக்குகளாக ஈரம் காட்டி இறுக்கியிருந்தாலொழிய அது பல மாதங்களுக்கு அமுங்கிக்கொண்டே இருக்கும். குழாய் பதிக்கத் தோண்டி மூடிய பள்ளங்களும் அப்படித்தான். தளத்தில் நேர்கோடாக ஒரு தாழ்வு தெரிந்தால், அடியில் சரியாக மூடாத ஒரு பள்ளம் இருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

வாட்டம்

தண்ணீர் நிற்காமல் ஓட மீட்டருக்கு 20 மி.மீ. வாட்டம் கொடுங்கள். எந்த நிலையிலும் 10 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். 12 மீட்டர் பாதைக்கு 20 மி.மீ. கணக்கில் இரு முனைகளுக்கும் 240 மி.மீ. வித்தியாசம் வரும். அவ்வளவு இடம் கிடைக்காவிட்டால் நீளவாக்கில் விட்டுவிட்டு, குறுக்கே ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்ளலாம். 3 மீட்டர் அகலத்துக்கு 60 மி.மீ. போதும்.

வாட்டம் வீட்டை விட்டு விலகிப் போக வேண்டும். தெரு உயரமாகவும் வீடு தாழ்வாகவும் இருந்தால், கார் நிறுத்துமிடத்துக்கு முன்னால் பாதையின் முழு அகலத்துக்கும் கம்பி மூடி போட்ட வடிகால் ஒன்று கட்டாயம் வேண்டும். அந்த வடிகால் எங்கே போய்ச் சேரும் என்பதையும் தளம் போடுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். முடிந்த தளத்தின் மேல்மட்டம் வீட்டுச் சுவரின் ஈரத்தடுப்பு அடுக்குக்கு 150 மி.மீ. கீழே இருக்கட்டும். பழைய தளத்தின்மேல் புதியதைப் போட்டு உயர்த்திக்கொண்டே போகும் வீடுகளில் சுவர் ஈரம் ஏறுவது இந்த இடைவெளி போய்விடுவதால்தான்.

எதைத் தேர்ந்தெடுப்பது

பலரும் கணக்கில் எடுக்காத ஒன்றிலிருந்து தொடங்கலாம்: சூடான தார்க்கலவை எவ்வளவு தூரத்திலிருந்து வர வேண்டும்? கலவை ஆலையை விட்டுக் கிளம்பும்போது ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ் இருக்கும். உருட்டி முடிக்கும் வரை 85 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது. ஒரு வீட்டுப் பாதைக்கு வேண்டியது நான்கைந்து டன்தான். சிறிய சுமை, பெரிய சுமையைவிட வேகமாக ஆறும். ஆலை ஒரு மணி நேரப் பயணத்துக்கு அப்பால் இருந்தால், அல்லது ரோலர் உள்ளே நுழைய இடமில்லாவிட்டால், கான்கிரீட்டுக்குப் போய்விடுங்கள். வாசலிலேயே டிரம்மில் தாரைக் காய்ச்சி, ஜல்லியில் கலந்து, கையால் இடித்துப் போடும் தளம் பார்வைக்குக் கறுப்பாக இருக்கும். உள்ளே முழுவதும் துளை. தண்ணீர் இறங்கி, ஜல்லி ஒவ்வொன்றாகக் கழன்று வரும்.

வெயில் கடுமையான இடத்தில் கறுப்புத் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டிவிடும். அப்போது தார் இளகும். நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரம் உரசிய தடம் விழும், பைக் ஸ்டாண்ட் புதையும். கான்கிரீட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. வெளிர் நிறம் என்பதால் வாசலில் அனலும் குறைவு. உறைபனி விழும் இடத்தில் நிலைமை தலைகீழ். மண்ணில் உள்ள நீர் உறைந்து தளத்தைத் தூக்கும்போது தார் ஓரளவு ஏறி இறங்கிக்கொள்ளும். பனி உருக்கத் தூவும் உப்பு தாரை ஒன்றும் செய்யாது. கான்கிரீட்டின் மேல்தோலை உரித்துவிடும். அங்கே கான்கிரீட்தான் வேண்டும் என்றால் கலவைக்குள் 5 முதல் 7 சதவீதம் நுண்காற்றுக் குமிழிகள் இருக்கும்படி செய்யும் மருந்து சேர்த்ததைத்தான் வாங்க வேண்டும்.

எண்ணெய் கசியும் பழைய வண்டி நிற்குமா? பெட்ரோலும் டீசலும் தாரைக் கரைத்துவிடும்; சொட்டும் இடம் இளகிக் குழியாகும். கான்கிரீட்டில் கறை மட்டும்தான் படியும். லாரி, தண்ணீர் டேங்கர் போன்றவை அடிக்கடி ஏறும் என்றால் 150 மி.மீ. கான்கிரீட் நிம்மதி.

பின்னால் தோண்ட வேண்டிவரும் என்று தெரிந்தால் தார் வசதி. வெட்டி எடுத்து ஒட்டுப் போடலாம், ஒரே நாளில் வண்டி ஏறலாம். காலம் போய் மேல்பரப்பு தேய்ந்தாலும், படுகை நன்றாக இருக்கும்வரை 40 மி.மீ. புதிய அடுக்கை மேலே போட்டுவிடலாம். கான்கிரீட்டில் ஒட்டுப் போட்டால் நிறம் ஒருநாளும் சேராது. கெட்ட பலகையை முழுதாக எடுத்துவிட்டு வேறு ஊற்றுவதே சரி. அதற்குப் பதில் ஆயுள் அதிகம். முறையாகப் போட்ட கான்கிரீட் 30 ஆண்டுகள் போகும். தார் 15 முதல் 20 ஆண்டுகள், அதுவும் பராமரித்தால்.

எங்கள் கணிப்பு இதுதான்: வெயில் பிரதேசத்தில், 40 சதுர மீட்டருக்குள் அடங்கும் சாதாரண வீட்டுப் பாதைக்குக் கான்கிரீட். குளிர் பிரதேசத்திலோ, தோட்டத்து வீடு போல நீளமான பாதைக்கோ, ஆலையும் ரோலரும் எட்டும் தூரத்தில் இருந்தால் தார். தொடக்கச் செலவு பெரும்பாலும் தாரில் குறைவு. ஆனால் அந்த வித்தியாசத்தைக் கணக்குப் போடும்போது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மேற்பூச்சுச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படுகை: இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்

3 மீட்டர் அகலம், 12 மீட்டர் நீளம், அதாவது 36 சதுர மீட்டர் பாதையை எடுத்துக்கொள்வோம். படுகை 150 மி.மீ., அதன்மேல் தார் 60 மி.மீ. அல்லது கான்கிரீட் 100 மி.மீ. என்று வைத்தால், தாருக்கு 210 மி.மீ. ஆழமும் கான்கிரீட்டுக்கு 250 மி.மீ. ஆழமும் தோண்ட வேண்டும். பக்கவாட்டில் படுகை தளத்தைவிட இருபுறமும் 200 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். ஓரம் உடைவதற்கு முதல் காரணம், தளத்தின் விளிம்பும் படுகையின் விளிம்பும் ஒரே கோட்டில் முடிவதுதான்.

1. தோண்டியதும் அடிமண்ணையே முதலில் இறுக்குங்கள். நெகிழும் இடம் தெரிந்தால் அதை மட்டும் தோண்டி எடுத்து ஜல்லி நிரப்புங்கள்.

2. பாதைக்குக் குறுக்கே 100 மி.மீ. பிவிசி குழாய் ஒன்றிரண்டை இரு முனைகளையும் மூடிப் புதைத்துவிடுங்கள். பின்னால் மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ கொண்டுபோகத் தளத்தை உடைக்க வேண்டியிராது. இதைப் போல மலிவான முன்யோசனை இந்த வேலையில் வேறில்லை.

3. 40 மி.மீ. ஜல்லியிலிருந்து தூள் வரை எல்லா அளவும் கலந்த கலவையைப் பரப்புங்கள். ஒரே அளவு ஜல்லி மட்டும் போட்டால் இறுகாது, உருளும். இறுக்கிய பிறகு 6 கன மீட்டர் வேண்டும் என்பதால், தளர்வாக 7.5 முதல் 8 கன மீட்டர் வரவழைக்க வேண்டும்.

4. ஒரு தடவைக்கு 75 மி.மீ. வீதம் இரண்டு அடுக்காக இறுக்குங்கள். ஈரம் முக்கியம்: கையில் பிடித்து அமுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது.

5. பளு ஏற்றிய வண்டி ஒன்றை நடக்கும் வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். டயர் அமுங்கித் தடம் விழும் இடத்தில் மறுபடி வேலை இருக்கிறது. பிறகு வாளியில் தண்ணீர் ஊற்றி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். வாட்டத்தைப் படுகையிலேயே கொண்டுவந்துவிட வேண்டும். தளத்தின் கனத்தைக் கூட்டிக் குறைத்து வாட்டம் கொடுத்தால், மெலிந்த இடம் முதலில் போகும்.

தார் போடும் நாள்

இறுக்கிய பின் 60 மி.மீ. கனம் வேண்டும் என்றால் தளர்வாக 75 மி.மீ. பரப்ப வேண்டும். 36 சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 5.2 டன். கலவையில் உள்ள பெரிய ஜல்லியைப் போல மூன்று மடங்காவது அடுக்கின் கனம் இருந்தால்தான் ஜல்லி ஒன்றுக்குள் ஒன்று போய் உட்காரும். 12 மி.மீ. ஜல்லிக் கலவைக்கு 60 மி.மீ. அடுக்கு தாராளம், 25 மி.மீ. என்று மெலிதாகப் பூசினால் ரோலர் ஜல்லியை நொறுக்கத்தான் செய்யும்.

வண்டி வந்ததும் கலவைக்குள் கம்பி வெப்பமானியைச் செருகிப் பாருங்கள். 130 டிகிரிக்குக் குறைவாக இருந்தால் திருப்பி அனுப்பும் உரிமை உங்களுக்கு உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். நீலப் புகை எழுந்தால் கலவை அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது. தார் கருகிவிட்டால் சீக்கிரம் முறுகும். மழை தூறினாலோ படுகையில் தண்ணீர் நின்றாலோ அன்று வேலை வேண்டாம்.

ரோலர் தாழ்ந்த ஓரத்திலிருந்து உயர்ந்த பக்கம் நோக்கிப் போக வேண்டும். உருளையில் ஒட்டாமல் இருக்கத் தண்ணீர் தெளிக்கலாம். டீசல் தெளிப்பவர்களை அங்கேயே நிறுத்துங்கள், அது தாரைக் கரைக்கும். சுவரோரம், மூலை, மேன்ஹோல் மூடியைச் சுற்றி ரோலர் எட்டாது. அந்த இடங்களைச் சூடு இருக்கும்போதே கைத்திம்மிசால் இறுக்க வேண்டும். ஓரங்களைச் செங்குத்தாக விடாமல் 45 டிகிரியில் சாய்த்து இடியுங்கள். அல்லது முன்பே கான்கிரீட்டில் பதித்த விளிம்புக்கல் வைத்துவிடுங்கள். அது இன்னும் மேல்.

மூன்று நாள் கழித்து வண்டி ஏறலாம். வெயில் காலமானால் இன்னும் இரண்டொரு நாள் பொறுங்கள்.

கான்கிரீட் போடும் நாள்

பக்கப் பலகைகளை நூல் பிடித்து, வாட்டம் சரிபார்த்து, அசையாமல் முளையடித்து நிறுத்துங்கள். வீட்டுச் சுவர், தூண், கார் நிறுத்துமிடத்தின் தளம் ஆகியவற்றோடு புதுத் தளம் ஒட்டக்கூடாது. நடுவே 12 மி.மீ. நிரப்புப் பலகை முழு ஆழத்துக்கும் வேண்டும். இதை விட்டுவிட்டால் தளம் வெப்பத்தில் விரியும்போது சுவரைத் தள்ளும், அல்லது தூணின் மூலையிலிருந்து வெடிப்பு கிளம்பும்.

கம்பி வலை வெடிப்பைத் தடுக்காது. வெடித்த பிறகு இரு பக்கமும் விலகாமல் பிடித்துக்கொள்ளும். அந்த வேலையைச் செய்ய அது தளத்தின் நடுவிலோ சற்று மேலேயோ இருக்க வேண்டும். தரையில் போட்டுவிட்டு, ஊற்றும்போது கொக்கியால் தூக்கிவிடுகிறோம் என்பார்கள். தூக்கியது அடுத்த நிமிடமே அவர்கள் காலடியில் மறுபடி கீழே போகும். 50 மி.மீ. கவர் பிளாக் (வலையைத் தாங்கும் சிறு கட்டை) வைத்து நிறுத்தச் சொல்லுங்கள்.

100 மி.மீ. கனத்துக்கு 3.6 கன மீட்டர் வரும். சேதாரம் சேர்த்து 4 கன மீட்டர் சொல்லுங்கள். தரம் எம்25, உறைபனி இடமானால் எம்30 (எண் கூடக் கூடப் பலம் கூடும்). ஆலையிலேயே கலந்து லாரியில் வரும் ரெடிமிக்ஸ் கிடைத்தால் அதையே வாங்குங்கள். இத்தனை பெரிய தளத்தை இடத்திலேயே கலக்கும்போது ஒவ்வொரு கலவையிலும் தண்ணீர் அளவு மாறிவிடுகிறது. தண்ணீர்தான் இங்கே முதல் எதிரி. 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 25 லிட்டருக்கு மேல் போகக்கூடாது, மணலில் உள்ள ஈரமும் அதற்குள் அடக்கம். தள்ளச் சுலபமாக இருக்கட்டும் என்று லாரிக்குள் ஹோஸ் பைப்பை விட்டால் பலமும் போகும், மேலே பொடி உதிரும், சுருக்க வெடிப்பும் கூடும். கெட்டியாக இருக்கிறது என்றால் பிளாஸ்டிசைசர் (தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் மருந்து) சேர்த்து வரவழைக்க வேண்டும். கலந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் ஊற்றி முடித்துவிடுங்கள்.

ஊற்றும் முன் படுகையை நனையுங்கள்; குட்டை நிற்க வேண்டாம். மட்டக்கோலால் இழுத்து, மிதவைப் பலகை ஓட்டியதும் மேலே தண்ணீர் கசிந்து நிற்கும். அது தானாக ஆவியாகும் வரை கரண்டியைத் தொட விடாதீர்கள். அந்தத் தண்ணீரைத் தேய்த்து உள்ளே தள்ளுவதும், மேலே சிமென்ட் தூவி உறிஞ்ச வைப்பதும்தான் பின்னால் மேல்தோல் உரியக் காரணம். பளபளப்பாகத் தேய்க்கவும் வேண்டாம், மழையில் வழுக்கும். வண்டி போகும் திசைக்குக் குறுக்கே துடைப்பத்தால் ஒரே சீராக வரி இழுங்கள்.

இப்போது கோடுகள். 100 மி.மீ. தளத்துக்கு இரண்டு கோடுகளுக்கு நடுவே 3 மீட்டருக்கு மேல் போகாதீர்கள்; பலகை சதுரத்துக்கு நெருக்கமாக இருக்கட்டும். நம் 12 மீட்டர் பாதையை 2.4 மீட்டர் வீதம் ஐந்து பலகைகளாகப் பிரிக்க நான்கு குறுக்கு வெட்டுகள் போதும். வெட்டின் ஆழம் தளத்தின் கனத்தில் கால்பங்கு, அதாவது 25 மி.மீ. நேரம் இன்னும் முக்கியம்: ஓரம் பெயராத அளவுக்கு இறுகியதும், பொதுவாக 6 முதல் 12 மணி நேரத்துக்குள், வெட்டிவிட வேண்டும். வெயில் காலத்தில் இன்னும் முன்னதாக. "நாளைக்கு வந்து வெட்டுகிறோம்" என்று ஆட்கள் போய்விட்டால், காலையில் வெடிப்பு தன் வழியைத் தானே போட்டிருக்கும். மேன்ஹோல் மூடி இருந்தால் ஒரு கோடு அதன் விளிம்பைத் தொட்டுப் போகும்படி அமையுங்கள்.

நீராற்றுவது ஏழு நாள். சாய்தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த முடியாது. ஆகையால் ஈரச் சாக்கு விரித்து, அதன்மேல் பாலித்தீன் ஷீட் போட்டு, சாக்கு காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை தெளிப்பது போதாது; நடுப்பகலில் காய்ந்து போவதுதான் கெடுதல். ஏழு நாள் கழித்துக் கார் ஏறலாம். கனரக வண்டிக்கு 28 நாள்.

வேலை கொடுக்குமுன் எழுத்தில் வாங்க வேண்டியவை

தாருக்கு "இறுக்கிய பின் கனம்" என்று எழுதுங்கள். வெறும் 60 மி.மீ. என்று இருந்தால் தளர்வாக 60 பரப்பி, இறுகியதும் 48 ஆகியிருக்கும். படுகையின் கனம், எத்தனை அடுக்கு, வாட்டம், கான்கிரீட்டானால் தரம், கோடு வெட்டும் இடமும் நேரமும், நீராற்றுவது யார் பொறுப்பு, இத்தனையும் அதில் வர வேண்டும்.

போட்ட பிறகு

தாரில் முதல் வெயில் காலம் கவனம். வண்டி நகரும்போது மட்டும் ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள், பைக் ஸ்டாண்டுக்கு அடியில் பலகைத் துண்டு வையுங்கள். ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு கழித்து முதல் மேற்பூச்சு. பிறகு கறுப்பு வெளிறிச் சாம்பல் நிறமாகும்போது, மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு தடவை போதும். ஆண்டுதோறும் பூசினால் பூச்சே கனமாகி உரியும். கான்கிரீட்டில் முதல் குளிர்காலம் உப்பு தூவ வேண்டாம், மணல் போடுங்கள். எண்ணெய் சிந்தினால் உடனே மரத்தூள் கொட்டி உறிஞ்சவிட்டு, சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

வெடிப்பு தெரிந்தால் அதன் வகையைப் பாருங்கள். தாரில் தனிக் கோடாக 6 மி.மீ. அளவுக்கு விரிந்தது என்றால் மழைக்கு முன் சுத்தம் செய்து, ரப்பர் கலந்த தார் நிரப்பியை ஊற்றினால் போதும். முதலைத் தோல் போலச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெடித்திருந்தால் படுகையில் தண்ணீர் இறங்கிவிட்டது. மேலே பூசிப் பயனில்லை, அந்த இடத்தை அடிவரை வெட்டி எடுக்க வேண்டும். கான்கிரீட்டில் முடி போன்ற மெல்லிய கோடு கவலைக்குரியதல்ல. வெடிப்பின் ஒரு பக்கம் மற்றதைவிட உயர்ந்திருந்தால் அடிமண் நகர்ந்திருக்கிறது. பக்கத்தில் மரவேர் புகுந்திருக்கிறதா, கூரைத் தண்ணீர்க் குழாய் தளத்தின் அடியில் விழுகிறதா என்று பார்த்து, அதைச் சரிசெய்த பிறகே பலகையை உடையுங்கள்.